கதவு சாத்துகிற கந்தோர்

பிள்ளைகளே, நீங்கள் அனுப்பிய பக்கத்தை மூன்று தரம் வாசித்தேன். காணி உறுதி எழுதும் எங்கள் நொத்தாரிசுக் கந்தோருக்கு இணையத்தில் ஒரு பக்கம் வரப்போகிறது, அதில் கந்தோரின் சிறப்புகளைப் போட வேண்டும், ஓய்வு பெற்ற கிழவனும் ஒருமுறை பார்க்கட்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். சந்தோசம். எண்ணிப் பார்த்தேன், எட்டுச் சிறப்புகள். மூன்றாவது முழு உண்மை: இடம்பெயர்ந்து திரிந்த காலத்திலும் எங்களிடம் ஒப்படைத்த உறுதிகளில் ஒன்றுகூடத் தொலையவில்லை. நாலாவதும் ஐந்தாவதும் ஒரே விசயம், ஒன்றாக்கலாம். முதலாவதாகப் போட்டிருக்கிறீர்கள்: 'விரைவான சேவை.'

அதை வாசித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கீழே ஒரு படமும் இருந்தது. கந்தோரைத் திருத்தப் போகிறீர்களாம். உள் அறைக்கு இப்போது இருக்கும் பலகைக் கதவைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவு. வெளிச்சம் வரும், பார்க்கவும் புதிதாக இருக்கும் என்று குறிப்பு. இந்த இரண்டையும் பற்றி உங்களோடு கதைக்க வேண்டும். நேரில் வந்தால் நான் பதறுவேன். நீங்கள் தேத்தண்ணீர் தந்து, ஓட்டோ பிடித்து, பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

ஊரில் எங்களுக்கு இரண்டு பெயர். ஒன்று, கதவு சாத்துகிற கந்தோர். மற்றது, சுணங்குகிற கந்தோர். முதற்பெயரின் காரணம் உங்களுக்குத் தெரியும், நீங்களும் சாத்துகிறீர்கள். யாராவது ஒரு வீட்டையோ காணியையோ பிள்ளைக்கு எழுதிக் கொடுக்க வந்தால், கையெழுத்துக்கு முன்னர் கூட வந்தவர்கள் எல்லாரையும் விறாந்தை வாங்கில் இருத்திவிட்டு, கதவைச் சாத்தி, கொடுப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். "உங்களுக்கு விருப்பமோ?" சட்டம் இப்படிக் கேட்கச் சொல்லவில்லை. வேறு கந்தோர்களில் கேட்கிறார்களா என்றும் எனக்குத் தெரியாது.

இதைத் தொடங்கியவர் கந்தோரைத் தொடங்கியவர்தான். பெயர் வேண்டாம், பெரியவர் என்றே எழுதுகிறேன். வழக்குப் பேசக் கோட்டில் வாயைத் திறந்தால் மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்காது என்பார்கள், அவ்வளவு குரல். காரணத்தை அவர் ஒரே ஒருமுறைதான் சொன்னார். தொழிலுக்கு வந்த புதிதில், உடுப்பிட்டியில் இருந்து ஒரு அம்மா நாலு பிள்ளைகளோடு வந்து மூத்த மகளுக்கு வீட்டை எழுதியிருக்கிறார். உறுதியை வாசித்துக் காட்டியாயிற்று, கையெழுத்தும் வைத்தாயிற்று. எழும்பிப் போகும்போது அந்த அம்மா மெல்லமாகக் கேட்டாராம்: "ஐயா, கிணத்தடியிலை நிக்கிற எலுமிச்சையும் அவளுக்குப் போட்டுதோ?"

"ஓம் அம்மா, வளவோடை எல்லாம் போட்டுது" என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். "ஒரு எலுமிச்சையைத் தனக்கு வைச்சிருக்க ஆசைப்பட்டிருக்கிறா. நாலு பிள்ளையளும் சுத்தி நிக்கேக்கை எப்பிடிக் கேப்பா? நான் எல்லாத்தையும் வாசிச்சனான், அவவை மட்டும் கேக்கேல்லை" என்றார் பெரியவர். அதற்குப் பிறகுதான் கதவு.

எல்லாருக்கும் இந்தக் கதவு பிடித்ததென்று சொல்லமாட்டேன். மருமக்களுக்கு அறவே பிடிக்காது. "எங்களிலை சந்தேகமோ?" என்று விறாந்தையில் நின்று கேட்பார்கள். பிடித்தவர்களும் இருந்தார்கள். குருநகரில் இருந்து ஒருவர் வந்தார், ஆறு பெண்பிள்ளைகளின் தகப்பன். கதவைச் சாத்தி விருப்பமோ என்று கேட்டேன். "விருப்பம்தான் ஐயா, அது பிரச்சினையில்லை. ஒரு பத்து நிமிசம் இப்பிடியே இருந்திட்டுப் போகட்டோ? வீட்டிலை ஆறு பெட்டையளும் தாயும். எங்கடை வீட்டிலை இப்பிடி ஒரு கதவு இல்லை" என்றார். இருக்க விட்டேன். கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். வெளியே ஆறு பேரும் அப்பாவுக்கு என்ன நடந்ததோ என்று கதவைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள்.

விருப்பம் என்றால் வேலை சுகம். விருப்பமில்லை என்றால்? இங்கேதான் இரண்டாவது பெயர் வருகிறது. "அம்மா மாட்டன் எண்டு சொல்லுறா" என்று கதவைத் திறந்து சொன்னால் அந்த அம்மா இரவு எந்த வீட்டில் போய்ப் படுப்பது? ஆகவே நாங்கள் சொல்வது எப்போதும் ஒரே வசனம்தான்: "இன்னும் ஒரு வேலை கிடக்கு, இண்டைக்கு முடிக்க ஏலாது." பொய் சொல்லக்கூடாது என்பதில் பெரியவர் கண்டிப்பானவர். இது பொய்யில்லை. கொடுப்பவருக்கு மனம் வருவது என்கிற ஒரு வேலை மெய்யாகவே மிச்சம் கிடக்கிறது. அது என்ன வேலை என்று யார் எப்படிக் கேட்டாலும் சொல்வதில்லை. கூட வந்தவர்கள், காணிப் பதிவகத்தில் தேடுதல் முடியவில்லை, எல்லையில் ஏதோ பிழை, இவர்களுக்கு வேலை தெரியாது என்று தாங்களே ஏதாவது நினைத்துக்கொள்வார்கள். குற்றம் கந்தோரின் தலையில். வீட்டில் சண்டையில்லை.

நான் இதைச் சந்தோசமாகச் சுமந்தேன் என்று நினைக்கவேண்டாம். ஒருநாள் பருத்தித்துறை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"உந்தக் கந்தோரிலையோ உறுதியைக் குடுத்தனீங்கள்? ஐயோ, பேந்து உங்கடை பேரப்பிள்ளைதான் உறுதி வாங்கும்."

"நல்ல ஆக்கள் எண்டு சொல்லுகினம்..."

"நல்ல ஆக்கள்தான். நித்திரை ஆக்கள்."

இறங்கவேண்டிய இடத்துக்கு ஒரு தரிப்பு முன்னரே இறங்கி நடந்தேன். சட்டச் சோதனைகளில் முதல் தரத்திலேயே சித்தியடைந்தவன் நான். ஓர் உறுதியை ஒரு காலைப்பொழுதில் பிழையில்லாமல் எழுதக்கூடியவன். நித்திரை ஆக்களாம்.

இனி, நான் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன்.

பெரியவர் தொழிலை விட்டபிறகு கந்தோர் என் பொறுப்பில் வந்தது. கட்டடம் அவருடையது, உங்களுக்குத் தெரியும். முன் இரண்டு அறையும் விறாந்தையும் கந்தோர், பின்பக்கம் அவருடைய வீடு. மனைவி காலமாகி, அங்கே தனியே இருந்தார். ஒரே மகன் கனடாவில். பின்னேரங்களில் விறாந்தை மூலையில் கதிரையைப் போட்டுக்கொண்டு, வருகிற கட்சிக்காரர்களிடம் ஊர்ப்புதினம் விடுப்புக் கேட்பார்.

ஓர் ஆவணி மாதம் மகன் வந்தார். தகப்பனுக்கு வயது போகிறது, நாளைக்கு ஏதும் நடந்தால் கனடாவில் இருந்துகொண்டு வாரிசு உரிமைக்கு மரணசாதன வழக்கு என்று அலைய ஏலாது, வீட்டை இப்போதே தன் பெயருக்கு எழுதினால் நல்லது என்றார். நியாயமான கதை. அவர் கூடாத பிள்ளையும் இல்லை. கிழமைக்கு இரண்டு தரம் தகப்பனோடு தொலைபேசியில் கதைப்பார். ஆனால் பயணம் வருவதென்றால் வேலை, பிள்ளைகளின் படிப்பு என்று தள்ளித் தள்ளிப் போய், அந்தமுறை வந்ததே தாயின் அந்தியேட்டிச் சடங்குக்குப் பிறகு முதல்தரம்.

நான் பெரியவரிடம் சொன்னேன்: "சேர், கந்தோர் இருக்கிற கட்டிடம் இது. கை மாறினால் எங்களுக்கும் பாதிப்பு. நான் எழுதுறது சரியில்லை. வேறை ஒரு நொத்தாரிசிட்டைப் போவம்."

பெரியவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "வேறை இடத்திலை கதவு சாத்துவினமோ?"

பகிடி என்று நினைத்தேன். மகனும் சிரித்தார்.

அந்த நாள் வந்தது. உறுதி தயார். சாட்சிகள் இரண்டு பேரும் விறாந்தையில். மகனுக்கு அடுத்தநாள் இரவு கொழும்பில் விமானம். பெரியவர் உள் அறைக்கு வந்து, கட்சிக்காரர் இருக்கிற கதிரையில் இருந்தார். எத்தனையோ வருடமாக நான் அவரை அந்தக் கதிரையில் கண்டதில்லை. மேசைக்கு மற்றப் பக்கத்தில், அவருடைய கதிரையில் நான்.

கதவு திறந்தபடி கிடந்தது. சாத்துவதா, விடுவதா? இந்தக் கேள்வியை உண்டாக்கிய மனிதரிடமே இந்தக் கேள்வியைக் கேட்பதா? கேட்டால் அவமதிப்பு. இன்னொரு யோசனையும் வந்தது. அவர் இல்லை என்று சொன்னால் ஆதாயம் எனக்கு, கந்தோர் தப்பும். ஆகவே நான் கேட்பதே அழகில்லை. கேட்காமல் விடுவதற்கு இப்படி இரண்டு நல்ல காரணங்கள் என்னிடம் இருந்தன. பிள்ளைகளே, ஒரு வழக்கத்தைக் கைவிட உங்களிடம் ஒரு காரணம் இருந்தால் யோசியுங்கள். இரண்டு நல்ல காரணங்கள் சேர்ந்து வந்தால் பயப்படுங்கள்.

மகன் வாசலில் நின்றார். "அண்ணை, கதவு தேவையோ? உதைத் துவக்கினவரே அப்பாதானே."

பேனையைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் பெரியவரைப் பார்த்தேன். அவர் உறுதியைப் பார்க்கவில்லை, மகனையும் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழக்கம் தம்பி. ஒருக்கா வெளியிலை இரும்" என்றேன். எழும்பிப் போய்ச் சாத்தினேன். மழைக்கு ஊதிய பலகை, தோளால் தள்ளவேண்டியிருந்தது.

திரும்பி வந்து இருந்தேன். "சேர், உங்களுக்கு விருப்பமோ?"

நீதிமன்றத்தையே அதிரவைத்த குரல் வெளியே வரக் கனநேரம் எடுத்தது.

"விருப்பமில்லை."

"வீட்டை விட்டுப் போகவேண்டி வரும் எண்டு யோசிக்கிறீங்களோ சேர்? சீவிய உரித்தை உங்களுக்கு ஒதுக்கி வைச்சு எழுதலாம். உங்கடை காலம் வரைக்கும் ஒருத்தரும் அசைக்க ஏலாது."

"எனக்குச் சட்டம் படிப்பியாதையும்" என்றார். பிறகு குரல் தணிந்தது. "வீட்டைப் பற்றி ஆர் கதைச்சது? எல்லாம் அவனுக்குத்தானே. நான் கையெழுத்து வைச்சுவிட்டால், அவனுக்கு இஞ்சை வாறதுக்கு என்ன அலுவல் கிடக்கு? வைக்காட்டில், வருசத்துக்கு ஒருக்கா இந்தக் கையெழுத்தைக் கேட்டெண்டாலும் வருவான்."

மேசையில் இருந்த பேனைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அவனுக்குச் சொல்லிப்போடாதையும். நான் போனபிறகு கேட்டானெண்டால் சொல்லும். கேளாட்டில் விடும்." கொஞ்சம் பொறுத்து, "நீர் சாத்தாமல் விட்டிருந்தால் நான் கையெழுத்து வைச்சிருப்பன்" என்றார்.

கதவைத் திறந்தேன். மகன் எழும்பினார். "இன்னும் ஒரு வேலை கிடக்கு தம்பி. இண்டைக்கு முடிக்க ஏலாது" என்றேன்.

"என்ன வேலை?"

"கிடக்கு."

"நாளைக்கு எனக்கு பிளேன்!"

"இந்தமுறை சரிவராது போலை."

அவர் முகம் சிவந்துவிட்டது. சாட்சிகள் இரண்டு பேரும், வேறு அலுவலாக வந்திருந்த நாலைந்து கட்சிக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இவ்வளவு காலமா நடத்திற கந்தோர், ஒரு உறுதி எழுதத் தெரியேல்லை! இல்லை, எழுத மனமில்லை. கட்டிடம் கை மாறினால் வெளியிலை போகவேணும் எண்டுதானே? அப்பான்ரை உப்பைத் திண்டு வளந்தனீங்கள், அவருக்கே சுத்துமாத்துச் செய்யிறீங்கள்!"

என் வாழ்நாளில் என்னை ஒருவரும் அப்படிப் பேசியதில்லை. மறுமொழி என் நாக்கில் இருந்தது. ஒரு வசனம் போதும், நான் சுத்தமாகிவிடுவேன். மூன்றடி பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம், பெரியவர் இருந்தார். நான் விறாந்தைத் தூண்களை எண்ணினேன். ஆறு.

அடுத்த வருடம் மகன் வந்தார். அதே உறுதி, அதே கதவு, அதே கேள்வி. பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார். அதே வசனத்தைச் சொன்னேன், மகன் முதல் வருடத்தை விடக் கூடுதலாகச் சத்தம் போட்டார். சத்தம் முடிந்த கையோடு தகப்பனையும் மகனையும் ஏற்றிக்கொண்டு ஒரு வான் தொண்டைமானாற்றுக்குப் போயிற்று. சந்நிதிக் கோயிலில் கும்பிட்டு, மடத்தில் இலை போட்டுச் சோறு சாப்பிட்டு, ஆற்றங்கரையில் வெயில் தாழும்வரை இருந்துவிட்டு வந்தார்கள். பெரியவரின் முகம் வெயிலில் கறுத்து, கண் தெளிந்திருந்தது. அதற்கடுத்த வருடமும் அப்படித்தான். அதற்கடுத்ததும். ஆனி பிறந்தாலே மகனின் வரவுக்கென்று பெரியவர் புது வேட்டி எடுப்பிப்பார். "என்னப்பா, என்ரை உறுதி எந்தளவிலை நிக்குது?" என்று விறாந்தையில் வைத்துக் கேட்பார். "ஒரு வேலை கிடக்கு சேர்" என்பேன். வேறு சிரிப்பு அந்தக் கந்தோரில் எங்கள் இருவருக்கும் இருக்கவில்லை.

ஊரில் எங்கள் பெயர் கெட்டது. கனடாவில் இருந்தும் ஆட்கள் கேட்டார்கள்: சொந்த முதலாளியின் உறுதியையே வருடக்கணக்காக இழுக்கிறார்களாமே? இரண்டு பெரிய கட்சிக்காரர்கள் தங்கள் உறுதிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போனார்கள். பெரியவர் இதை அறிவார். ஒருநாள் மட்டும், "கந்தோருக்குக் கூடாதோ?" என்று கேட்டார். "பரவாயில்லை சேர்" என்றேன். பரவாயில்லாமல் இல்லை. எனக்கு இரவில் நெஞ்செரிவு வரும்.

ஐந்து ஆவணிகள் அப்படிப் போயின. ஆறாவதற்குப் பெரியவர் இருக்கவில்லை. பங்குனியில், மத்தியான நித்திரையில் போனார்.

மரணசாதன வழக்கு முடிந்து வீடு மகன் பெயருக்கு வந்தபின் அவர் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். கடைத்தொகுதி கட்டுகிறவர், நல்ல விலை, எழுதவேண்டியதுதான் பாக்கி. நானும் புது இடம் பார்த்து வைத்திருந்தேன், மாடியில், படிகள் மிகச் செங்குத்து. பழைய கதையையே சொன்னேன்: "இதை நான் எழுதுறது சரியில்லைத் தம்பி. வேறை ஆரும் எழுதட்டும்."

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "வேறை இடத்திலை கதவு சாத்துவினமோ, அண்ணை?"

தகப்பனின் அதே சொற்கள்.

வாங்க வந்தவரை விறாந்தையில் இருத்திவிட்டுக் கதவைச் சாத்தினேன். மகன் அதே கதிரையில் இருந்தார். "விக்கிறது உமக்கு விருப்பமோ?" என்று கேட்டேன். அவர் கதிரையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்பா இதிலை இருந்து என்ன சொன்னவர்?"

கேட்டால் சொல்லலாம் என்பது உத்தரவு. சொன்னேன், அவர் சொன்ன சொற்களிலேயே.

மகன் அழவில்லை. யன்னல் பக்கம் திரும்பி இலேசாகச் சிரித்தார். "அது எனக்கு இரண்டாம் வருசமே விளங்கிட்டுது. அப்பா கட்டின கந்தோர் ஒரு உறுதிக்கு இரண்டு வருசம் எடுக்காது."

"விளங்கிச்சுதெண்டால் பேந்து ஏன் அந்தச் சத்தம் போட்டனீர்? ஊரே கேட்டுதே!"

"சத்தம் போடாட்டில், எனக்குத் தெரிஞ்சுபோச்செண்டு அப்பாவுக்கு விளங்கியிருக்கும். கையெழுத்துக் கேட்டுத்தான் வாறன் எண்டு அவர் நினைச்சால்தானே அவருக்குச் சந்தோசம். உள்ளை கேக்கவேணும் எண்டுதான் பலமாப் பேசினனான். குறை நினையாதேங்கோ அண்ணை. முதல் வருசம் மட்டும் மெய்யாப் பேசினது."

நெஞ்செரிவுக்கு வாங்கிய மருந்துகளின் கணக்கை அவரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். விட்டுவிட்டேன்.

வெளியே வாங்க வந்தவர் செருமினார். ஒருமுறை. பிறகு இன்னொருமுறை. மகன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். தகப்பன் பார்த்த அதே பார்வை.

"அண்ணை," என்றார், "வெளியிலை அந்த வசனத்தைச் சொல்லிவிடுங்கோ."

எழும்பிப்போய் கதவைத் திறந்தேன். "இன்னும் ஒரு வேலை கிடக்கு. இண்டைக்கு முடிக்க ஏலாது" என்றேன்.

வாங்க வந்தவர் குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். "உங்கடை கந்தோர் எண்டு சொல்லேக்கையே நினைச்சனான்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அதனால்தான் நீங்கள் இன்றைக்கும் அந்தக் கட்டடத்தில் இருக்கிறீர்கள். மகன் ஆவணிக்கு ஆவணி வருகிறார், பின்வீட்டில் தங்குகிறார், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சந்நிதிக்குப் போகிறார். இதை எழுதலாமா என்று அவரிடம் தொலைபேசியில் கேட்டேன். எழுதுங்கோ, பெயரை மட்டும் போடாதேங்கோ என்றார்.

ஆகவே பக்கத்தில் முதலாவது சிறப்பை வெட்டுங்கள். நாங்கள் விரைவானவர்கள் இல்லை, அப்படிச் சொன்னால் அடுத்த அம்மாவுக்கு ஒளிக்க இடமிருக்காது. நாலையும் ஐந்தையும் ஒன்றாக்கினால் ஆறு மிஞ்சும். ஆறு காணும். கண்ணாடிக் கதவும் வேண்டாம், முகம் தெரியும். பழைய பலகையே இருக்கட்டும், ஆனால் போனமுறை வந்தபோது அதைச் சாத்த இரண்டு பேர் தள்ளினீர்கள். மாரிக்கு முன் யாரையாவது பிடித்து அடிப்பக்கம் கொஞ்சம் சீவுவியுங்கள். பிணைச்சலுக்கு எண்ணெய் விடுங்கள், மூன்றுக்கும்.